மருந்துப் பெட்டி: "அதேதான், கொஞ்சம் வேற"

போன இதழில் இருமல் மருந்தைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் செயற்கைப் போதைப்பொருள் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் வருகிறேன். குமரி மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் 31 வருஷம் மருந்துக் கவுண்டரில் நின்றவன் நான். டாக்டர் இல்லை, போலீசும் இல்லை. மாத்திரை எண்ணிக் கொடுத்தவனுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகன் வெளியூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். லீவுக்கு வந்தபோது துவைப்பதற்காகப் பையை எடுத்தேன். உள்ளே சின்ன பிளாஸ்டிக் கவரில் காய்ந்த தழை மாதிரி ஏதோ இருந்தது. கஞ்சாவோ என்று பயந்து, மெடிக்கலில் சிறுநீர் டெஸ்ட் கிட் வாங்கி, அவனைக் கெஞ்சிக் கூத்தாடிப் பரிசோதித்தோம். கஞ்சா இல்லை என்று வந்தது. "பாத்தியா அம்மா, இது வெறும் மூலிகை" என்கிறான். நான் நிம்மதியாக இருக்கலாமா?
— ஒரு தாய், மார்த்தாண்டம் அருகே

சகோதரி, அந்தக் கிட் மோப்ப நாய் மாதிரி. எந்த வாசனையைக் காட்டிப் பழக்கினார்களோ அதைத்தான் பிடிக்கும். கஞ்சாவில் இருக்கும் டி.எச்.சி. என்ற பொருள் உடம்பில் உடைந்து சிறுநீரில் வருமே, அதற்குப் பழக்கிய நாய் அது. மூளையில் அதே இடத்தில் போய் உட்காருகிற, ஆனால் உருவம் வேறான ஒரு ரசாயனம் வந்தால் குரைக்காமல் படுத்துக்கொள்ளும். ஆக, "கஞ்சா இல்லை" என்று கிட் சொன்னது நிஜமாகவே இருக்கலாம். "ஒன்றுமே இல்லை" என்று அது சொல்லவில்லை.

இப்படிப்பட்ட ரசாயனங்கள் எங்கிருந்து வந்தன என்றால், கொஞ்சம் வேடிக்கையான கதை. அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் டபிள்யூ. ஹஃப்மன் என்ற வேதியியல் பேராசிரியர், மூளையில் கஞ்சா வேலை செய்யும் இடத்தைப் புரிந்துகொள்வதற்காக நூற்றுக்கணக்கான புதுப் பொருட்களைச் செய்து பார்த்தார். பெயருக்கு முன்னால் தன் முதலெழுத்துகளையே போட்டார். அதில் ஒன்று ஜே.டபிள்யூ.எச்-018. ஆராய்ச்சிக் கட்டுரையில் கிடக்க வேண்டியதை யாரோ படித்துச் செய்து, காய்ந்த தழையில் தெளித்து, "ஸ்பைஸ்" என்று பளபளப்புப் பாக்கெட்டில் போட்டு ஐரோப்பாவில் விற்றார்கள். மூலிகை என்றுதான் பாக்கெட்டில் இருந்தது. 2008 கடைசியில் ஜெர்மனியில் பரிசோதித்தபோதுதான் குட்டு உடைந்தது.

தெளித்து என்று சொன்னேன் இல்லையா, ஆபத்தே அங்கேதான். உங்கள் பக்கம் மழைக்கு முன்னால் ரப்பருக்குத் துரிசு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு இலையில் நீலம் சொட்டும், அதே கொம்பில் பக்கத்து இலை காய்ந்து கிடக்கும். தழைப் பொட்டலமும் அப்படித்தான். ஒரு பையன் ஊதிவிட்டு "ஒண்ணும் ஆகல" என்பான், அதே பொட்டலத்தின் அடியில் கிடந்த தூளை ஊதிய இன்னொருவன் விழுந்து கிடப்பான். நியூயார்க்கின் புரூக்ளினில் 2016 ஜூலையில் ஒரே நாளில், ஒரே தெருப்பகுதியில் 33 பேர் இப்படி ஆனார்கள். கண் திறந்திருக்கிறது, முனகுகிறார்கள், ஆள் இல்லை. டி.எச்.சி.யைவிட ஏறத்தாழ 85 மடங்கு வீரியமுள்ள ஒரு பொருள் அவர்கள் ரத்தத்தில் உடைந்த நிலையில் இருந்ததை ஆய்வகம் பிறகு கண்டுபிடித்தது.

உங்கள் பையன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவே இல்லை. மூலிகை என்று நம்பியே வாங்கியிருக்கலாம், யாருடையதோகூட இருக்கலாம். கிட்டைக் காட்டிக் குற்றம் சாட்டவும் வேண்டாம், கிட்டைக் காட்டி விட்டுவிடவும் வேண்டாம். முகர்ந்து பார்க்காதீர்கள். "எங்க வாங்கின" என்பதைவிட "ஊதினப்புறம் நெஞ்சு படபடத்ததா, தூக்கம் எப்படி" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வரும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகக் கூச்சமென்றால் முதலில் 14446 என்ற போதை மீட்பு உதவிக்கான இலவச எண்ணில் பேசுங்கள்.

ஒரு அணுவை மாற்றினால் புதுப் போதைப்பொருள் என்று செய்தித்தாளில் படித்தேன். என் மாணவிகள் "அவ்வளவு சின்ன மாற்றம் என்ன செய்துவிடும் மிஸ்?" என்று கேட்கிறார்கள். எளிய உதாரணம் கிடைக்குமா?
— பிளஸ் டூ வேதியியல் ஆசிரியை, நாகர்கோவில்

உங்களுக்கு நான் வேதியியல் சொல்வது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். எத்தனாலில் இரண்டு கார்பன், மெத்தனாலில் ஒன்று. அந்த ஒரு கார்பன் வித்தியாசம்தான் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. கண்ணுக்கு இரண்டும் தண்ணீர்.

பெத்திடின் என்ற வலி ஊசியின் கதை இதைவிடப் பெரியது. அது எனக்கு நெருக்கமான மருந்தும்கூட. பிரசவ வார்டுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் பெத்திடின் ஊசி கொடுப்போம். இரட்டைப் பூட்டு அலமாரி, தனி ரிஜிஸ்டர். காலி ஆம்பூல் திரும்பி வந்தால்தான் புது ஆம்பூல் போகும். ஒருமுறை என் கை நழுவி ஒன்று தரையில் விழுந்து உடைந்தது. கண்ணாடித் துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்து வைத்து, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, விளக்கம் எழுதிக் கொடுத்து, மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஒரு ஆம்பூலுக்கு!

இந்தப் பெத்திடினை லேசாகத் திருப்பிப்போட்டால் எம்.பி.பி.பி. என்று ஒரு சொந்தக்காரன் கிடைப்பான். 1976-இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் ஒரு வேதியியல் மாணவன் தனக்காக அதை வீட்டிலேயே செய்தான். முதலில் சரியாக வந்தது. அப்புறம் அவசரப்பட்டுக் குறுக்கு வழியில் செய்தபோது, கூடவே எம்.பி.டி.பி. என்ற கசடு உண்டாகிவிட்டது. அதை அறியாமல் ஊசி போட்டான். 20 வயதைத் தாண்டிய பையனுக்கு, கிழவர்களுக்கு வரும் பார்க்கின்சன் நோயின் அத்தனை அடையாளமும் வந்தது. ஆறு வருஷம் கழித்து, 1982-இல் கலிபோர்னியாவில், புது ஹெராயின் என்று தெருவில் விற்றதைப் போட்டுக்கொண்ட இளைஞர்கள் அதே மாதிரி சிலையாகிப்போனார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் முதல் ஆளைப் பார்த்தபோது, அவனால் பேச முடியவில்லை, அசைய முடியவில்லை. பைத்தியம் என்றுகூடச் சந்தேகம் இருந்தது. விரல் மட்டும் லேசாக அசைவதைப் பார்த்துக் கையில் பென்சிலைக் கொடுத்தார்கள். மெல்ல மெல்ல எழுதினான். உள்ளே புத்தி முழுசாக இருக்கிறது, உடம்பு மட்டும் பூட்டிக்கொண்டது.

நடந்தது இதுதான்: எம்.பி.டி.பி. மூளைக்குள் போனதும், அங்கே இருக்கும் ஒரு நொதி அதை வேறொரு விஷமாக மாற்றுகிறது. அந்த விஷம் உடம்பை அசையவைக்கும் டோபமைன் செல்களைத் தேடிப்பிடித்துக் கொல்கிறது. கொன்றது கொன்றதுதான். பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கு அதே பொருள் பிறகு பெரிய உதவியாக ஆனது என்பது வேறு விஷயம். மாணவிகளிடம் சொல்லுங்கள்: அந்தப் பையன் மாற்ற நினைத்தது ஒன்று, குடுவைக்குள் மாறியது இன்னொன்று. மருந்துக் கம்பெனியில் என்றால் இந்தக் கசடைத் தேடுவதற்கென்றே ஒரு பிரிவு சம்பளம் வாங்கும். சமையலறைக் குடுவைக்கு யார் இருக்கிறார்கள்?

சட்டப் பட்டியலில் பெயர் இல்லாத பொருள் என்றால் குற்றமே இல்லை, வாங்கலாம், விற்கலாம் என்று ஹாஸ்டலில் ஒரு பேச்சு ஓடுகிறது. உங்கள் கருத்து?
— சட்டக் கல்லூரி மாணவர், களியக்காவிளை

வக்கீல் ஆகப்போவது நீங்கள். என் பங்குக்கு, இந்த ஓட்டப்பந்தயம் புதிது இல்லை என்று மட்டும் காட்டுகிறேன். 1925-இல் உலக நாடுகள் ஹெராயினைக் கட்டுப்படுத்தின. ஹெராயின் என்பதே மார்ஃபினில் இரண்டு அசிட்டைல் குழுக்களைச் சேர்த்ததுதான். உடனே வேறு குழுக்களைச் சேர்த்து, "இது ஹெராயின் இல்லை" என்று விற்க ஆரம்பித்தார்கள். 1930-இல் மார்ஃபினில் இப்படிக் குழு சேர்த்துச் செய்த எஸ்டர் வகைப் பொருட்கள் எல்லாவற்றையும் சேர்த்தே தடுக்க வேண்டியதாயிற்று. நம் தாத்தா காலத்துத் தந்திரம் இது.

அமெரிக்கா 1986-இல், தடைசெய்யப்பட்டதைப் போன்ற அமைப்பும் விளைவும் கொண்டதும் தடைதான் என்று சட்டம் போட்டது. பிரிட்டன் 2016-இல் இன்னும் ஒரு படி மேலே போய், மூளையை மாற்றுகிற எதையும் விற்கக்கூடாது என்றது. அப்படிச் சொன்னதால் காபிக்கும் மதுவுக்கும் புகையிலைக்கும் தனியாக விலக்கு எழுதவேண்டி வந்தது. டீக்கு விலக்கு இல்லையென்றால் நம் ஜங்ஷனில் பாதிப்பேர் உள்ளே போயிருப்போம்.

நம்முடைய 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) பெரும்பாலும் பெயர்ப் பட்டியலை வைத்து நடக்கிறது. மத்திய அரசு அறிவிக்கை மூலம் பெயரைச் சேர்க்கலாம். "மியாவ் மியாவ்" என்று சுற்றிக்கொண்டிருந்த மெஃபிட்ரோன் 2015 பிப்ரவரியில் அப்படித்தான் உள்ளே வந்தது. அதனால் நேற்று பட்டியலில் இல்லாதது இன்று இருக்கலாம். அதைவிடப் பெரிய கோளாறு: உங்கள் ஹாஸ்டல் வியாபாரி எதை விற்கிறான் என்று அவனுக்கே தெரியாது. பட்டியலில் இல்லாத புதுச்சரக்கு என்று கொடுத்தது ஆய்வகத்தில் பழைய எம்.டி.எம்.ஏ. (எக்ஸ்டசி) என்று வந்தால்? கஞ்சாவுக்கு வணிக அளவு 20 கிலோ. எம்.டி.எம்.ஏ.வுக்கு 10 கிராம், எல்.எஸ்.டி.க்கு 0.1 கிராம். வணிக அளவு என்றாலே குறைந்தது 10 வருஷம். கலந்திருக்கும் மாவையும் உப்பையும் சேர்த்தே எடை பார்க்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. ஹீரா சிங் வழக்கு, எடுத்துப் படியுங்கள்.

கூட்டுக்காரன் ஒருத்தனுக்கு எவனோ நாக்கில் வைக்க ஸ்டாம்ப் கொடுத்திருக்கான். கடற்கரையில் வச்சு வெறிபிடிச்ச மாதிரி ஓடினான், உடம்பு நெருப்பா கொதிச்சது. மோர் கொடுத்தோம், தலையில் தண்ணி ஊத்தினோம். போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகல்ல. தப்பிச்சுட்டான். இன்னொரு தடவை இப்படி ஆனா என்ன செய்யணும் சார்?
— மீனவ இளைஞர், குளச்சல் பக்கம்

மக்களே, தப்பித்தது மோரினால் இல்லை, அவன் அதிர்ஷ்டத்தால். தண்ணீர் ஊற்றியது மட்டும் நல்ல காரியம்.

ஸ்டாம்ப் என்றால் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை ஏற்றிய காகிதம் என்று நினைக்கிறீர்கள். அதே காகிதத்தில் என்-போம் என்ற வகைப் பொருட்களை ஏற்றி விற்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது, அதில் சாவுகளும் உண்டு. எக்ஸ்டசி மாத்திரையிலும் இதே ஏமாற்று: பி.எம்.ஏ. என்ற பொருளை அதன் பெயரில் விற்பார்கள். அது மெதுவாகத்தான் ஏறும். "ஏறவே இல்லையே" என்று இன்னொன்றைப் போடுவான், இரண்டும் சேர்ந்து ஏறும்போது உடம்புச் சூடு எகிறும். அந்தச் சூடுதான் ஆளைக் கொல்வது.

இன்னொரு தடவை என்றால் முதலில் 108. வாந்தி எடுத்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மல்லாக்க வேண்டாம். வாயில் மோர், எலுமிச்சை, காபி எதுவும் ஊற்றாதீர்கள், நேரே நுரையீரலுக்குப் போகும். கொதித்தால் சட்டையைக் கழற்றி ஈரத்துணி போட்டு விசிறுங்கள். அவனை அமுக்கிப்பிடித்துச் சண்டை போட்டால் சூடு இன்னும் ஏறும். மிச்சம் இருந்தால் கவரோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

டாக்டரிடம் "ஸ்டாம்ப் எடுத்தான்" என்று சொல்வதைவிட, "ஸ்டாம்ப் என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள், எட்டு மணிக்கு வைத்தான், ஒன்பதுக்கு ஓட ஆரம்பித்தான்" என்று சொல்லுங்கள். ஏனென்றால் டாக்டர் பெயரை வைத்து வைத்தியம் பார்க்க மாட்டார், ஆளைப் பார்ப்பார். கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கி மூச்சு மந்தமானால் ஹெராயின் வர்க்கம், அதற்கு நலாக்சோன் என்று முறிவு மருந்து உண்டு. கண்மணி விரிந்து, வியர்த்து, கொதித்தால் அது வேறு வர்க்கம். அங்கே நலாக்சோன் ஒன்றும் செய்யாது, அமைதிப்படுத்திக் குளிர்விப்பதுதான் வைத்தியம்.

போலீஸ் விஷயத்தில் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போகும், போய்க் கேட்பார்கள். ஆனால் அடிமையாகிப் போனவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், சொந்தத்துக்கு வைத்திருந்த சிறு அளவு வழக்கிலிருந்து விலக்குத் தருவதற்கு மேலே சொன்ன என்.டி.பி.எஸ். சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. விற்றவனுக்கு அது கிடையாது.

ஸ்காட்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் அக்கா, "எட்டிசோலம் இங்கே ஆளைக் கொல்லுது, அம்மாவுக்குக் கொடுக்காதே" என்று போனில் கத்துகிறாள். இங்கே டாக்டர் அம்மாவுக்குத் தூக்கத்துக்கு அதைத்தான் எழுதியிருக்கிறார். யார் சொல்வது சரி?
— திங்கள்சந்தை வாசகி

இரண்டு பேரும். எட்டிசோலம் இங்கே டாக்டர் சீட்டில் கிடைக்கும் மருந்து, ஜப்பானிலும் அப்படியே. பிரிட்டனில் அது மருந்தாக வந்ததே இல்லை. அங்கே ஆள்கள் மூட்டை மூட்டையாகத் தூள் வாங்கி, வீட்டு மெஷினில் அழுத்தி, "வேலியம்" என்ற பதற்றம் தணிக்கும் மருந்தின் பெயரில் நீல மாத்திரையாக விற்றார்கள். ஒரு மாத்திரையில் எவ்வளவு இருக்கும் என்று அழுத்தினவனுக்கே தெரியாது. அதில் நிறையப் பேர் செத்தார்கள். அக்கா பார்ப்பது அதை. அம்மாவின் ஸ்ட்ரிப்பில் அளவு அச்சடித்திருக்கிறது, அது வேறு.

ஆனால் எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய சீட்டையே நீட்டி நீட்டி வாங்குகிற வழக்கம் நம் ஊரில் உண்டு, கவுண்டரில் நான் அதற்காக வாங்கிக்கட்டிக்கொண்ட ஏச்சு கொஞ்சமில்லை. டாக்டரை மறுபடி பாருங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்புகூட வரலாம்.

மகன் துபாய்க்குப் போகிறான். குருமாவுக்குக் கசகசா கொடுத்துவிடலாமா?
— தோவாளை வாசகர்

வேண்டாம். அபின் செடியின் விதை அது. இங்கே மளிகைக் கடைச் சாமான், அங்கே ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்கள். முந்திரிப்பருப்பு கொடுத்துவிடுங்கள், குருமா இன்னும் நன்றாக இருக்கும்.

அம்மா புற்றுநோயில் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. வலிக்கு ஒட்டும் ஃபென்டானில் பட்டை மூன்று மிச்சம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரைக் கொல்லும் விஷம் அதுதான் என்று பேரன் சொல்கிறான். இவ்வளவு நாள் அம்மாவுக்கு விஷத்தையா ஒட்டினோம்? இதை என்ன செய்வது?
— இரணியல் வாசகர்

அம்மாவுக்கு நீங்கள் ஒட்டியது மருந்து. அந்த வலியோடு அவர் கடைசி நாட்களில் கொஞ்சம் தூங்கியிருப்பார் என்றால் அந்தப் பட்டையால்தான். பெல்ஜியத்தில் பால் ஜான்சன் என்ற மருந்தியலாளர் 1960 வாக்கில் உருவாக்கியது. மார்ஃபினைப்போல ஏறத்தாழ 100 மடங்கு வீரியம், அதனால்தான் கிராமில் இல்லை, மைக்ரோகிராமில் கொடுக்கிறோம். பட்டையின் மேல் மணிக்கு 25 என்றோ 50 என்றோ எழுதியிருக்கும், பாருங்கள். மூன்று நாளில் அவ்வளவு மெதுவாகத் தோலில் இறங்கும்.

பேரன் சொல்வதும் தவறில்லை. தெருவில் விற்பவனிடம் மைக்ரோகிராம் தராசு இல்லை. கலிபோர்னியாவில் 1979-இல் இதன் மூலக்கூறில் ஒரு மெத்தில் குழுவைச் சேர்த்து "சைனா வைட்" என்று ஹெராயின் பெயரில் விற்று ஆட்கள் செத்தார்கள். கார்ஃபென்டானில் என்று இன்னொரு சொந்தக்காரன் இருக்கிறான், யானை மாதிரிப் பெரிய மிருகங்களை மயக்குவதற்கு உள்ளது. அதையும் மனிதச் சரக்கில் கலந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பட்டைக்கும் அதற்கும் குடும்பப்பெயர் ஒன்று, அவ்வளவுதான்.

ஆனால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். குப்பையில் எறியவும் கூடாது. ஒட்டி எடுத்த பழைய பட்டையிலேயே மருந்து நிறைய மிச்சம் இருக்கும், குழந்தைகள் எடுத்து ஒட்டிக்கொண்டும் வாயில் வைத்தும் இறந்திருக்கிறார்கள். பழையது ஏதாவது கிடந்தால் பசைப்பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து ஒட்டுங்கள், கை கழுவுங்கள். புதியதைக் கவரோடு, வாங்கிய மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவில் திருப்பிக் கொடுங்கள்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தின வருஷம், வேளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் இப்படித்தான் வந்தார். மனைவி போய் பதினாறு முடிந்த மறுநாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடிக்கு மேல் துணி கட்டி, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்திருந்தார். கவுண்டரில் வைத்துவிட்டு ரசீது கேட்டார். இதற்கெல்லாம் ரசீது கிடையாது என்றேன். "எண்ணித் தந்தீங்க, எண்ணித் தாறேன், எழுதித் தரணும்லா" என்றார். ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் "பட்டை 4, பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

உங்களிடம் மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். கிளம்புமுன் கவரைத் திறந்து இன்னொரு தடவை எண்ணிவிடுங்கள்.